வளைந்த கார் பாடிக்கு டெம்ப்ளேட் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சின் ஓரத்தில் வெளியே நீட்டிப் பொருத்தும் ஃப்ளேர், பானட்டில் பொருத்தும் காற்றுக்கூடு, கூரையில் நிற்கும் ரேக்கின் கால், பம்பருக்கு அடியில் ஒட்டும் லிப் என்ற உதட்டுப் பட்டை, துரு அரித்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டு வெல்டு வைக்கும் தகட்டுத் துண்டு. எல்லாவற்றிலும் சிக்கல் ஒன்றுதான். கார் பாடியில் நேர்கோடும் கிடையாது, மட்டமான பரப்பும் கிடையாது. அதனால் பாகத்தை வெட்டும் முன் அதன் வடிவத்தை அட்டையிலோ பலகையிலோ வெட்டிப் பொருத்திப் பார்க்கிறோம், அந்த மாதிரி வடிவம்தான் டெம்ப்ளேட். இந்த மாதிரி வேலைகளைத் தானே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

டேப் வைத்து அளந்து, நேரடியாகத் தகட்டையே வெட்டிவிடக் கூடாதா?

கூடாது என்றுதான் சொல்வேன். அளவு நாடா இரண்டு புள்ளிக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்லும். அந்தத் தூரத்தைப் பரப்பு எப்படிக் கடந்து போகிறது என்று சொல்லாது.

ஒரு சின்ன சோதனை. கூரையின் நடுவில் தொடுகிற மாதிரி 400 மிமீ நேர் அளவுகோல் ஒன்றை வையுங்கள். இரண்டு முனையிலும் சமமாக 10 மிமீ இடைவெளி வருகிறது என்று கொள்வோம். நீளத்தை நீளத்தாலேயே பெருக்கி, அதை இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்து, இடைவெளியில் பாதியைக் கூட்டினால் வளைவின் ஆரம் கிடைக்கும். இங்கே 2005 மிமீ, அதாவது இரண்டு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. கணக்கு சரிதான். ஆனால் அளவுகோலை ஒரு சாண் முன்னால் நகர்த்தி அதே சோதனையைச் செய்யுங்கள், வேறு ஆரம் வரும். கார் பாடியின் வளைவு ஒரே ஆரத்தில் ஓடாது. ஓரத்தை நெருங்க நெருங்க இறுகும், நடுவில் தளரும். இதை எண்களாக எழுதிப் பிடிக்கப் பார்ப்பதைவிட, ஓர் அட்டையை வைத்து அப்படியே நகல் எடுப்பது சுலபம், துல்லியமும் கூட. அட்டையைப் பத்து முறை தப்பாக வெட்டினாலும் போவது அட்டைதான்.

ஒரு நல்ல டெம்ப்ளேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

மூன்று விஷயம். பாகத்தின் ஓரம் எப்படி ஓடுகிறது. பாகத்தின் பரப்பு எப்படி வளைகிறது. அந்தப் பாகம் காரில் எங்கே, எந்தத் திசையில் உட்கார வேண்டும்.

முதல் இரண்டையும் எல்லாரும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன். ஒரு பின்பக்க ஆர்ச்சுக்கு அட்டை வெட்டி, பிடித்துப் பார்த்தபோது முடி நுழைய இடமில்லாமல் பொருந்தியது. அதை வைத்து அலுமினியம் வெட்டி, மறுநாள் காரில் வைத்தால் ஒரு முனையில் நான்கு மில்லிமீட்டர் வாய் திறந்து நின்றது. வெட்டியதில் பிழை எதுவும் இல்லை. அட்டையை வைத்துப் பார்த்த இடத்துக்குச் சற்று முன்னால் அலுமினியத்தை வைத்திருந்தேன். வளைவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், பாகம் பொருந்துவதற்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தை அட்டையில் குறிக்காமல் விட்டதற்கு ஒரு நாள் வேலை போனது.

அதிலிருந்து, அட்டை பாடியில் இருக்கும்போதே இதையெல்லாம் செய்துவிடுகிறேன். பாடியில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, டேப்பிலிருந்து அட்டைக்குக் குறுக்கே தொடர்ச்சியாகக் கோடு இழுக்கிறேன். குறைந்தது மூன்று இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி. பிறகு காரின் முன்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்பு, மேலே என்று ஓர் அம்பு, வெளிமுகம் என்று ஓர் எழுத்து. கதவின் இடைவெளி, பாடியில் நீளமாக ஓடும் மடிப்புக் கோடு, பழைய துளை என்று அசையாத அடையாளம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அட்டை மேலேயே எழுதிவிடுவேன். டேப்பை வேலை முடிகிறவரை பிய்க்க மாட்டேன்.

எந்த அட்டை நல்லது?

உணவுப் பொருள் பெட்டிகளில் வரும் மெல்லிய, வழவழப்பான ஒற்றை அட்டைதான் முதல் சாய்ஸ். கத்தரிக்கோலுக்கு அடங்கும், வளையும், வளைத்த இடத்தில் மடிப்பு விழாது. உள்ளே அலையடித்த பார்சல் அட்டை அலைக்குக் குறுக்கே வளைய மறுக்கும், அலைக்கு இணையாக வளைத்தால் படிக்கட்டு மாதிரி மடியும். பெரிய வடிவத்தை முதலில் தோராயமாகப் பார்க்க மட்டும் அதை எடுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் அருமை. பழைய துளைகளின் மேல் வைத்து, மார்க்கர் பேனாவால் அப்படியே புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

அட்டையில் வடிவம் முடிவானதும் அதை 3 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது ஒட்டுப்பலகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அட்டையின் ஓரம் நான்கு முறை பென்சில் பட்டாலே தேயும். பலகையின் ஓரத்தை அரத்தால் அரை மில்லிமீட்டர் கூடத் திருத்த முடியும்.

அட்டையை வைத்து அழுத்தினால் ஓரம் சுருங்கிக்கொள்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?

எதுவும் இல்லை. அட்டையால் முடியாததை அதனிடம் கேட்கிறீர்கள்.

ஒரு தாளைக் குழாய் மேல் சுற்றலாம், சுருக்கமே விழாது. அதே தாளைப் பந்தின் மேல் போர்த்த முடியாது. குழாய் ஒரு திசையில் மட்டும் வளைகிறது, பந்து இரண்டு திசையிலும் வளைகிறது. நீளாமலும் சுருங்காமலும் ஒரு மட்டப் பரப்பைப் பந்தாக மாற்ற வழியே இல்லை என்பதை 1827-ல் கணித மேதை காவுஸ் நிறுவிவிட்டார். உலக வரைபடத்தைத் தட்டைத் தாளில் வரைந்தால் எங்காவது ஒரு கண்டம் ஊதிப்போவதற்கும், உங்கள் அட்டை ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) மூலையில் சுருங்குவதற்கும் காரணம் ஒன்றே.

ஆகவே முதல் வேலை, உங்கள் இடம் குழாய் வகையா பந்து வகையா என்று பார்ப்பது. ஒரு நேர் அளவுகோலைப் பரப்பின் மேல் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு திசையில் வைக்கும்போது முழு நீளமும் ஒளி தெரியாமல் படிந்தால், அது பெரும்பாலும் ஒற்றை வளைவு. அட்டையும் தகடும் சுருக்கமின்றிப் படியும். எந்தத் திசையிலும் படியவில்லை என்றால் கூட்டு வளைவு. அதிலும் இரண்டு வகை. பந்து மாதிரி இரண்டு திசையிலும் ஒரே பக்கமாக உப்பியிருப்பது ஒன்று. குதிரைச் சேணம் மாதிரி ஒரு திசையில் மேலேயும் குறுக்கே கீழேயும் வளைவது இன்னொன்று. ஃபெண்டர் மேலிருந்து இறங்கி வெளியே விரிகிற இடங்களில் சேண வளைவு ஒளிந்திருக்கும், தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

சுருக்கத்தைத் திட்டிக்கொண்டு இருக்காமல் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து தாளை ஒட்டிக்கொண்டே வெளியே போகும்போது ஓரத்தில் தாள் மிஞ்சிச் சுருங்கினால், அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும், அல்லது நடுவைத் தட்டி நீட்ட வேண்டும். ஓரத்தில் தாள் போதாமல் இழுத்துக்கொண்டு நின்றால், கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். கீறல் வாய் திறக்கும். அந்த வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தகட்டை அங்கே நீட்ட வேண்டும். ரவிக்கைக்கு டக் பிடிக்கிற தையல்காரருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் துணியில் மடித்துத் தைப்பதைத்தான் நீங்கள் அட்டையில் கீறி, ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி, டேப் போட்டு ஒட்டுகிறீர்கள். எத்தனை கீறல், ஒவ்வொன்றும் எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொண்டால், தகட்டில் எங்கே எவ்வளவு வேலை என்பதற்கு அதுவே வரைபடம்.

பாகத்தின் ஓரம் பாடியின் வளைவோடு சேர வேண்டும். கவராயம் வைத்துக் கோடு போடுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

அட்டையைப் பாடிக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோய், அசையாமல் டேப் போட்டு நிறுத்துங்கள். எங்காவது ஓர் இடத்தில் தொடும், மற்ற இடங்களில் இடைவெளி இருக்கும். மிகப் பெரிய இடைவெளி எதுவோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கவராயத்தின் இரண்டு காலையும் விரித்து, திருகை இறுக்குங்கள். முள் பாடியின் மேல் ஊர்ந்து போக, பென்சில் அட்டையில் அந்த வளைவின் நகலை வரையும். கோட்டில் வெட்டி, அட்டையை அந்த அளவு முன்னால் தள்ளினால் ஓரம் போய் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். அப்புறம் ஏன் பொருந்தவில்லை? கவராயத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பாடி வளையும்போது கையும் கூடவே திரும்பி, கவராயம் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கிறது. கைக்கு அது இயல்பாகத் தோன்றும், ஆனால் தப்பு. முள்ளையும் பென்சிலையும் இணைக்கும் கோடு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே திசையைக் காட்ட வேண்டும். எந்தத் திசை? அட்டையைப் பாடியை நோக்கித் தள்ளப்போகிறீர்களே, அந்தத் திசை.

காரணத்தைப் பார்ப்போம். அட்டையை 10 மிமீ தள்ளுகிறீர்கள். தள்ளும் திசைக்கு நேர் எதிரே குறுக்காக நிற்கும் பரப்பை அது முழு 10 மிமீ நெருங்குகிறது. பரப்பு 45 டிகிரி சாய்ந்த இடத்தில் அதே நகர்வில் நெருங்குவது 7 மிமீ அளவுதான். 60 டிகிரி சாய்ந்த இடத்தில் 5 மிமீ. கவராயத்தைத் திருப்பிக்கொண்டே போயிருந்தால் எல்லா இடத்திலும் 10 மிமீ விட்டிருப்பீர்கள். தள்ளியதும் நேர்ப்பகுதி தொட்டுவிடும், 60 டிகிரிச் சாய்வில் 5 மிமீ வாய் திறந்து நிற்கும்.

வாஷருக்குள் பென்சிலை விட்டு உருட்டிப் போகும் வழியில் இதே பிழை தானாகவே வந்துவிடுகிறது, ஏனென்றால் வாஷரின் மையம் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தான தூரத்தில்தான் இருக்கும். அதற்காக வாஷரைத் தூக்கி எறிய வேண்டாம். முதலில் கவராயத்தில் பெரிய இடைவெளியை முடித்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சின்ன வாஷரை எடுங்கள். இடைவெளி சின்னதானால் பிழையும் சின்னதாகும். எல்லா இடத்திலும் ஒரே அளவு இடைவெளி விட்டு ரப்பர் பீடிங் (ஓரப் பட்டை) போட வேண்டிய வேலை என்றால், அங்கே அட்டையைத் தள்ளப்போவதில்லை. அப்போது செங்குத்துத் தூரம்தான் வேண்டும், வாஷர்தான் சரியான கருவி.

திசை மாறாமல் இருக்க ஒரு வழி: கோடு போடும் முன் அட்டை முழுக்க, தள்ளும் திசையில், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் இணைகோடுகள் இழுத்துவிடுங்கள். கவராயத்தின் கால்கள் அந்தக் கோடுகளோடு ஒத்துப்போகிறதா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே வெட்டில் முடிக்க நினைக்காதீர்கள். இரண்டாவது சுற்றில் கவராயத்தைச் சின்னதாக வைத்து மறுபடி கோடு போடுங்கள். மூன்றாவது சுற்றில் கத்தி தேவைப்படாது, உப்புத்தாள் போதும்.

ஊசிகள் வரிசையாக இருக்கும் அந்த வடிவமானி வாங்கினால் வேலை முடிந்துவிடுமா?

சின்ன வேலைக்கு முடியும். பாடியின் மடிப்புக் கோடு, கதவின் ஓரத் திருப்பம், பம்பரின் உதடு மாதிரி ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கும் குறுக்கு வெட்டுக்கு அது நல்ல கருவி. ஆனால் அதைச் சாய்த்துப் பிடித்தால் வளைவு நீண்டு தட்டையாகத் தெரியும். ஒரு குழாயைக் குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம், அந்தக் கதைதான். பாடியில் முதலில் டேப்பால் ஒரு நேர்கோடு ஒட்டி, அந்தக் கோட்டின் மேல் பரப்புக்கு நேர்குத்தாக அழுத்துங்கள். பெயின்ட் மேல் ஊசி படும் இடத்திலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நீளமான வளைவுக்குத் துண்டு துண்டாக எடுத்துச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு சேர்க்கையிலும் கொஞ்சம் கோணப் பிழை வரும், அது அடுத்ததில் ஏறும். அதற்குப் பதிலாக, மெல்லிய வெல்டிங் கம்பியைக் கையால் வளைத்துப் பாடியோடு ஒட்டவைத்துப் பாருங்கள். தொட்டுவிட்டு அப்படியே எடுத்து அட்டையில் வைத்து வரைந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குக்கூட நல்ல முதல் கோடு கிடைக்கும். துள்ளி நிமிர்கிற கம்பி வேண்டாம். வளைத்தால் வளைத்தபடி நிற்கிற மென்கம்பியாக இருக்கட்டும்.

கவராயம் நுழையாத குறுகிய இடம். அங்கே என்ன செய்வது?

டிக்கியின் மூலை, டேஷ்போர்டுக்குப் பின்பக்கம் மாதிரி இடங்களுக்குக் கூர்முனைக் குச்சி ஒன்று போதும். நீளமான ஒரு பட்டைக் குச்சியின் ஒரு முனையைக் கூராக்கி, ஒரு பக்க ஓரத்தில் ஒழுங்கில்லாமல் நான்கைந்து பல் வெட்டிக்கொள்ளுங்கள். இடத்தின் நடுவில் ஓர் அட்டையை அசையாமல் ஒட்டுங்கள். அட்டை மேல் குச்சியைக் கிடத்தி, கூர்முனை பாடியைத் தொடும்போது குச்சியின் ஓரத்தைப் பல்லோடு சேர்த்து அட்டையில் வரையுங்கள். இப்படி இருபது முப்பது புள்ளி. வளைவு இறுகும் இடத்தில் நெருக்கமாக. பிறகு அந்த அட்டையை எடுத்துப் பலகை மேல் வைத்து, வரைந்த ஒவ்வொரு நிழலின் மேலும் குச்சியை மறுபடி பொருத்தினால், கூர்முனை பாடி இருந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டும். பற்கள் ஒழுங்கில்லாமல் இருப்பதால் குச்சியைத் தப்பான இடத்தில் வைக்கவே முடியாது. அளவு என்று ஒன்றை எழுதவே தேவையில்லாத முறை இது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

முழுக் கூட்டு வளைவுப் பரப்பை அப்படியே பிடிக்க முடியுமா?

மூன்று வழி உண்டு, மூன்றும் வேறு வேறு விஷயத்தைப் பிடிக்கின்றன.

டேப் தோல் ஒன்று. மிருதுவாக ஒட்டி எளிதில் உரியும் டேப்பைப் பரப்பு முழுக்க ஓரத்துக்கு மேல் ஓரம் ஏற்றி ஒட்டுங்கள். அதன் மேல் நார் ஓடிய பார்சல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு. அடையாளக் கோடுகள் எல்லாம் போட்டுவிட்டு மெதுவாக உரித்து, பசை இருக்கும் பக்கம் டால்கம் பவுடர் தூவுங்கள். கையில் வருவது ஒரு தோல். அது தன் வளைவைப் பிடித்து நிற்காது, தொளதொளவென்று தொங்கும். ஆனால் பரப்பின் எந்த இடத்தில் எவ்வளவு தகடு வேண்டும் என்பது அதற்குள் பத்திரமாக இருக்கிறது. தட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் மேல் போர்த்திப் பாருங்கள். தோல் தொளதொளக்கும் இடத்தில் தகடு போதவில்லை, நீட்ட வேண்டும். தோல் இறுகி இழுக்கும் இடத்தில் தகடு மிஞ்சியிருக்கிறது, சுருக்க வேண்டும். தகட்டைத் தட்டி வடிவம் கொண்டுவருகிறவர்களுக்கு இதைவிட உதவியான டெம்ப்ளேட் கிடையாது. உள்பக்கத்தை வெளியே புரட்டினால் எதிர்ப்பக்கப் பாகத்துக்கான தோலும் கிடைக்கும்.

தோல் சொல்லாதது நிற்கும் வடிவம். அதற்கு விலா எலும்புக் கூடு. 50 முதல் 75 மிமீ இடைவெளியில் ஒட்டுப்பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பாடியின் வளைவுக்குச் செதுக்கி, எல்லாவற்றையும் ஒரே அடிப்பலகையில் நிறுத்திக் குறுக்கே இரண்டு மூன்று பலகையைப் பாதிக்குப் பாதி வெட்டிக் கோர்த்துவிடுங்கள். தகட்டை இந்தக் கூட்டில் வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். தோலும் கூடும் சேர்ந்தால் முழு விவரமும் கையில் இருக்கிறது.

மூன்றாவது, ஃபைபர்கிளாஸ் அச்சு. பாடியை டேப் போட்டு மூடி, மேலே மெழுகு நான்கைந்து முறை தேய்த்து, அச்சு ஒட்டாமல் உரிய உதவும் பிவிஏ விடுப்புத் திரவம் பூசி, இரண்டு மூன்று அடுக்கு கண்ணாடி நார் மேட் வைத்து ரெசின் ஊற்றி, முழுதாக இறுகவிட்டு உரிப்பது. பரப்பும் வடிவமும் இரண்டுமே வந்துவிடும். பாடி உள்பக்கமாக மடிந்து போகும் ஓரத்தைத் தாண்டி மேட் வைத்தால் அச்சு மாட்டிக்கொள்ளும், வெளியே வராது. புதிதாக அடித்த பெயின்ட் மேல் இதைச் செய்யவே வேண்டாம். ரெசின் ஆவிக்கு ஏற்ற வடிகட்டியுள்ள முகமூடியும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம். அச்சுக்கு அடியில் தெர்மகோல் வைக்கிறீர்கள் என்றால் பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும், எபாக்ஸிதான் பயன்படும்.

ஊதிப் பெருகும் நுரையை அடித்து வடிவம் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அடைபட்ட இடத்தில் அது பெருகும்போது தள்ளுகிற தள்ளு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கதவுத் தகட்டை உப்பவைக்கப் போதும். நான் அதைத் தொடுவதில்லை.

இடப்பக்க டெம்ப்ளேட்டைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கத்துக்கு ஆகிவிடும் அல்லவா?

தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், வெட்டுவதற்கு அல்ல. இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும் காரில்கூட பேனல்கள் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசமாக உட்கார்ந்திருக்கலாம். எப்போதாவது அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, பட்டி பூசிய பக்கம் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும். திருப்பிப் போட்ட அட்டையை ஓரம் 5 மிமீ கூடுதலாக வைத்து வெட்டி, அந்தப் பக்கத்தில் கவராயம் போட்டு மறுபடி இறக்குங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது பார்வைக்கு முக்கியமான வெளிக்கோட்டுக்குத்தான் பொருந்தும். பாடியோடு ஒட்டும் கோடு அந்தந்தப் பக்கத்துக்கு உரியது.

அட்டை பொருந்தியது, அதே அளவில் வெட்டிய பாகம் பொருந்தவில்லை. ஏன்?

கனம். அட்டை அரை மில்லிமீட்டர், பாகம் 3 மில்லிமீட்டர். வளைவின் வெளிப்பக்கமாகப் போகும் பாகத்துக்கு உள்முகம் ஒரு நீளம், வெளிமுகம் வேறு நீளம். 90 டிகிரி திரும்பும் ஒரு வளைவில் 3 மிமீ கனத்துக்கு இரண்டு முகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 4.7 மிமீ. அட்டை சொல்வது பாடியைத் தொடும் முகத்தின் அளவை. வெளிமுகத்தை அதே அளவுக்கு வெட்டினால் பாகம் எட்டாது.

அடியில் இருபக்க ஃபோம் டேப் வரப்போகிறது என்றால் அதன் கனமும் சேரும். சும்மா கணக்குப் போடாமல், அதே ஃபோம் டேப்பின் சின்னத் துண்டுகளைப் பசையை உரிக்காமல் அட்டைக்கு அடியில் மூன்று நான்கு இடத்தில் வைத்து, அதன் மேல் அட்டையைப் பொருத்திக் கோடு போடுங்கள். ரப்பர் பீடிங்குக்கும் இதே வழி.

எவ்வளவு இடைவெளி விடலாம்?

பாகம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. வெல்டு வைக்கும் துண்டுக்கு ஏறக்குறைய தகட்டின் கனம் அளவு இடைவெளி எனக்குப் போதும். ஒட்டுகிற அல்லது திருகுகிற பிளாஸ்டிக் பாகத்துக்கு வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள். ஒரு மீட்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 40 டிகிரி சூடேறினால் 3 மிமீ அளவுக்கு நீளும். அதே நீள எஃகு நீள்வது அரை மில்லிமீட்டர்தான். வெயிலில் நிற்கும் கருப்பு ஃப்ளேருக்கு 40 டிகிரி வித்தியாசம் ஒரு பெரிய விஷயமே இல்லை. இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டினால் நடுவில் அலையடிக்கும். நடுத் துளையை மட்டும் வட்டமாக வைத்து, முனைகளை நோக்கிப் போகும் துளைகளை நீள்துளையாக வெட்டுங்கள்.

வீல் ஆர்ச் ஃப்ளேருக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

காரைச் சக்கரத்தின் மேல் நிற்கவைத்து டெம்ப்ளேட் எடுங்கள். ஜாக்கியில் தூக்கினால் பாடி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், பழைய கார்களில் கதவு இடைவெளியே மாறுவதைப் பார்க்கலாம். வடிவம் எடுத்த பிறகு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையிலும் டயர் அட்டையைத் தொடுகிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்துக்கு இந்த இரண்டும் ஒன்றாக வரும் நிலைதான் மோசமானது. அட்டையில் ஒரு கருப்புத் தேய்ப்பு விழுந்தால் நல்லது, அட்டையில்தான் விழுந்திருக்கிறது.

ஸ்கேன் செய்து கணினியில் வரைந்துவிட்டால் அட்டையே வேண்டாமே?

வசதி இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். கூட்டு வளைவுக்கு அது பெரிய உதவி. பளபளப்பான பெயின்டும் கண்ணாடியும் ஸ்கேனரைக் குழப்பும், பளபளப்பில்லாமல் காயும் ஸ்ப்ரேயை மெல்லிசாக அடித்துக்கொள்ள வேண்டும். ஒளிப்படங்களை வைத்து வடிவம் கட்டும் முறையில் அளவு தானாக வராது, தெரிந்த நீளமுள்ள ஓர் அளவுகோலைப் படத்துக்குள் வைத்தாக வேண்டும். அப்புறம், ஸ்கேனிலிருந்து வரைந்த ஓரத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி வெட்டி, காரில் வைத்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வெட்டக் கொடுக்காதீர்கள். அச்சடிக்கும்போது பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கு என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்து, மூன்று சதவீதம் சின்னதாக அச்சான தாளை நான் பார்த்திருக்கிறேன். தாளின் மூலையில் 100 மிமீ கோடு ஒன்றை வரைந்து அச்சடித்தால் அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

டெம்ப்ளேட்டை வைத்துத் துளை போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பின்னால் என்ன இருக்கிறது என்பதை. கூரை ஓரத்திலும் தூண்களிலும் திரைபோல விரியும் ஏர்பேக் ஓடும் கார்களில் அந்த இடத்தில் துரப்பணமே கூடாது. ஒயரிங், பெட்ரோல் குழாய், கண்ணாடி இறங்கும் பாதை, எல்லாவற்றையும் உள் டிரிம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பம்பரில் பார்க்கிங் சென்சாரோ அதன் பின்னால் ரேடாரோ இருந்தால், அதை மறைக்கும் எந்தப் பாகத்தையும் அட்டை நிலையிலேயே கைவிட்டுவிடுங்கள்.

துளை இடத்தை டெம்ப்ளேட்டில் 2 அல்லது 3 மிமீ சின்னத் துளையாக வைத்து, முதலில் ஒன்று மட்டும் போட்டு, அதில் திருகை மாட்டி, பாகம் நகரவில்லை என்று உறுதியான பிறகு அடுத்தது. எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் போட்டால், முதல் துளையில் நேர்ந்த விலகல் எல்லாவற்றிலும் சேர்ந்துகொள்ளும். துளை போட்ட கையோடு வெற்றுத் தகட்டின் ஓரத்துக்குத் துத்தநாக பிரைமர் தொட்டுவையுங்கள். அலுமினியப் பாகம் எஃகுப் பாடியை நேராகத் தொட்டால் ஈரம் பட்டதும் அரிக்கத் தொடங்கும், நடுவில் நைலான் வாஷரோ ரப்பரோ வேண்டும்.

கடைசிப் பொருத்தத்தைக் கண்ணால் பார்த்தால் போதுமா?

கண் ஏமாறும். மாலை வெளிச்சத்தில் ஒட்டியதாகத் தெரிவது காலையில் திறந்திருக்கும். ஓரத்துக்குப் பின்னால் ஒரு டார்ச்சை வையுங்கள், ஒளி கசியும் இடமெல்லாம் இடைவெளி. தொடும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பாடியில் டேப் ஒட்டி, அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்து, பாகத்தை வைத்து அழுத்தி எடுங்கள். பாகத்தின் ஓரத்தில் சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது, அங்கே மட்டும் அரம் போடுங்கள். இடைவெளி இருக்கும் இடத்தை அரத்தால் மூட முடியாது, இடிக்கும் இடத்தைக் குறைத்தால்தான் அது மூடும். இதைப் பொறுமையாக ஐந்தாறு முறை செய்தால் வரும் பொருத்தம், பார்க்கும்போதே மனசுக்கு நிறைவாக இருக்கும்.

வேலை முடிந்ததும் டெம்ப்ளேட்டை என்ன செய்வது?

வைத்திருங்கள். ஃப்ளேர் என்றைக்காவது கல் பட்டு உடையும். எந்தக் கார், எந்தப் பக்கம், எந்தத் தேதி, அடியில் எவ்வளவு கனமான டேப் வைத்து எடுத்தது என்று அட்டை மேலேயே எழுதி, தட்டையாகக் கிடத்தி வையுங்கள். சுருட்டி வைத்த அட்டை சுருண்டபடியே இருக்கும், ஈரத்தில் நின்ற அட்டை அளவு மாறும். நெடுநாள் வைக்க வேண்டியதை எம்டிஎஃப் அல்லது ஒட்டுப்பலகையில் ஒரு நகல் வெட்டி, ஓரத்துக்கு வார்னிஷ் தடவி, மூலையில் துளை போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறேன்.